உப்புக்காற்றில் ஒரு பேஸ் கிட்டார்: இதமான ஒலிக்கு எந்தக் கம்பி?

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் எங்கள் கோயில் பாடற்குழுவுக்குப் புதிதாக ஒரு தம்பி வந்து சேர்ந்திருக்கிறான். பேஸ் கிட்டார் வாசிப்பான். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இவன் ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கிறான். கிட்டார் கைமாறி வந்தது. வாங்கும்போதே அதிலிருந்த கம்பிகள் பழுப்பேறிக் கிடந்தன. ஒரு பாட்டு வாசித்து முடித்தால் விரல் நுனி கறுப்பாகிவிடும். ஆனாலும் அந்தச் சத்தத்தில் ஏதோ ஒரு மென்மை இருந்தது, அது அவனுக்குப் பிடித்தும் இருந்தது. பிறகு யாரோ ஒருவர், "நம்ம ஊர் காத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் தாங்கும்" என்று சொல்லியிருக்கிறார். காசு சேர்த்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட் செட் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் முகம் வாடி வந்து நின்றான். "அண்ணே, எவர்சில்வர் தட்டுல கரண்டி பட்ட மாதிரி கேக்குதுண்ணே. பாட்டோட ஒட்டவே மாட்டேங்குது. பழைய கம்பியவே திரும்ப மாட்டிரட்டா?"

வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று உட்கார்ந்து சொல்ல ஒரு சாயங்காலம் ஆனது. அன்று சொன்னதைத்தான், புதிதாக பேஸ் எடுத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன். வாசிப்பவர்கள் ‘வார்ம் டோன்’ என்று சொல்வதை நான் இதமான ஒலி என்றே சொல்லப் போகிறேன். இதமான வெந்நீர், இதமான வெயில் என்கிறோமே, அந்த இதம்.

கம்பிக்குள் என்ன இருக்கிறது

பேஸ் கம்பி பார்க்க ஒரே கம்பிபோல இருந்தாலும் அது இரண்டு கம்பி. நடுவே எஃகில் ஒரு கரு. அதைச் சுற்றி மேலே இன்னொரு மெல்லிய கம்பி, இடைவெளி இல்லாமல் நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். தடித்த கம்பிகளில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று சுற்றுகள்கூட இருக்கும்.

ஏன் இப்படிச் சுற்ற வேண்டும்? பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் ஆய்வகத்தில் சுரமானியை வைத்து ஒரு சோதனை செய்திருப்பீர்கள். கம்பியின் நீளம் கூடினால் சுருதி இறங்கும், இழுவிசை கூடினால் ஏறும், கம்பியின் கனம் கூடினால் இறங்கும். பேஸ் கிட்டாரில் இருப்பதிலேயே தடித்த ஈ கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர வேண்டும். அதற்கு மேலே ஏ கம்பி 55, டி கம்பி ஏறக்குறைய 73, ஜி கம்பி 98. பெரும்பாலான பேஸ்களில் அதிரும் நீளம் 34 அங்குலம்தான், அதைக் கூட்ட வழியில்லை. இழுவிசையைக் குறைத்துக்கொண்டே போனால் கம்பி தொளதொளத்து, கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட் என்னும் உலோகப் பட்டிகளில் அடிக்கும். ஆக, கனத்தைக் கூட்டுவது ஒன்றுதான் மிச்சம். அதற்காக ஒரே தடித்த எஃகுக் கம்பியைப் போட்டால் அது கம்பியாக இருக்காது, கடப்பாரையாக இருக்கும். விறைத்துக்கொண்டு சுருதி சுத்தமாக வராது. மெல்லிய கருவின் மேல் இன்னொரு கம்பியைச் சுற்றினால் கனமும் கிடைக்கும், வளைந்தும் கொடுக்கும். விசைப்படகின் வின்ச்சில் ஓடும் இரும்புக் கயிற்றைப் பாருங்கள். அத்தனை தடிமனிலும் அது வளைந்து உருளையில் சுற்றிக்கொள்வது பல மெல்லிய கம்பிகளால் ஆனது என்பதால்தான்.

மேலே சுற்றும் அந்தக் கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். தட்டையான நாடாவாக இருந்தால் ஃபிளாட்வவுண்ட். உருண்டையாகச் சுற்றிவிட்டு மேற்பரப்பை மட்டும் தேய்த்து வழவழப்பாக்கினால் ஹாஃப்ரவுண்ட். ரவுண்ட்வவுண்டில் விரலை நீளவாக்கில் ஓட்டினால் ‘கீச்’ என்று ஒரு சத்தம் வரும், விரல் நுனியில் சின்னச் சின்ன மேடு பள்ளம் தெரியும். ஃபிளாட்வவுண்ட் வழுக்கிக்கொண்டு போகும்.

எலக்ட்ரிக் பேஸ் பிறந்த காலத்தில் ஃபிளாட்வவுண்டுதான் வழக்கம். ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தது. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கடைசிவரை ஃபிளாட்வவுண்டுதான் போட்டிருந்தார், அதையும் லேசில் மாற்ற மாட்டார். 1960களின் நடுவில் இங்கிலாந்தில் ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசில், கம்பி செய்யும் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து பியானோபோலக் கணீரென்று ஒலிக்கும் ரவுண்ட்வவுண்ட் கம்பிகளைத் தேடினார். அதிலிருந்து ரவுண்ட்வவுண்ட் என்றாலே கணீர் ஒலி என்று ஆகிவிட்டது. இன்று கடையில் கிட்டார் வாங்கினால் அதில் இருப்பதும் பெரும்பாலும் ரவுண்ட்வவுண்டுதான்.

இதமும் கணீரும்

ஒரு கம்பியை மீட்டினால் ஒரு சுரம் மட்டும் வருவதில்லை. ஈ கம்பியைத் தட்டினால் 41 வரும், அதோடு ஏறக்குறைய 82, 124, 165 என்று அதன் மடங்குகளும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே கூட வரும். இவைதான் மேற்சுரங்கள். மேலே உள்ளவை தூக்கலாக இருந்தால் காதுக்குக் கணீரென்று இருக்கும். கீழே உள்ள நான்கைந்து மட்டும் வலுவாக இருந்து மேலே உள்ளவை அடங்கியிருந்தால் ‘கும்’ என்று இதமாக இருக்கும். கம்பி மாற்றுவது என்பது இந்தக் கலவையை மாற்றுவதுதான்.

இதம்தான் வேண்டுமென்றால் ஃபிளாட்வவுண்டே போட்டுவிடலாமே என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. சில இசைக்கு அதுவே சரியான விடை. ஆனால் நாம் எங்கே வாசிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். திருவிழாவில் தேர் சுற்றி வரும்போது நம் பாட்டு வெளியே போவது பெரும்பாலும் கூம்பு ஸ்பீக்கர் வழியாக. அந்தக் கூம்பால் 41ஐத் தர முடியாது, 82ஐயும் தர முடியாது. ஆனாலும் மேற்சுரங்கள் ஓரளவு இருந்தால் போதும், அவற்றை வைத்தே காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும். செல்போனின் சின்ன ஸ்பீக்கரில்கூட ஒரு பாட்டின் பேஸ் வரியை நம்மால் பின்தொடர முடிவது இதனால்தான். மேற்சுரங்கள் சுத்தமாக அடங்கிய கம்பி இந்த இடத்தில் காணாமல் போய்விடும். இதமாகவும் இருக்க வேண்டும், வெளியிலும் கேட்க வேண்டும். அதனால்தான் நம் பாடற்குழு மாதிரியான இடத்துக்கு இதமான ரவுண்ட்வவுண்டை நான் சொல்கிறேன். இளையராஜாவின் 1980களின் பாட்டு ஒன்றையோ, ரகுமான் இசையில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பாட்டு ஒன்றையோ எடுத்துக்கொண்டு, பாடகர் குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் காதால் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். கம்பி வாங்கும் முன் ஒரு வாரம் இதைச் செய்தாலே உங்களுக்கு எது வேண்டும் என்பது பாதி தெளிந்துவிடும்.

எந்த உலோகம்?

உண்மையில் தேர்வு இங்கேதான் இருக்கிறது. மேலே சுற்றும் கம்பி மூன்று வகையாகக் கிடைக்கிறது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு பக்கத்தின் கடைசி. கடினமான உலோகம், மேற்சுரங்களைத் தாராளமாகத் தரும். கம்பியை விரலால் அடித்து ‘ஸ்லாப்’ வாசிப்பவர்களுக்கும் கனமான ராக் வாசிப்பவர்களுக்கும் அது வேண்டும். விரலுக்குக் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், நாளடைவில் ஃபிரெட்டையும் கூடுதலாகத் தேய்க்கும். நம் தம்பி சொன்ன எவர்சில்வர் தட்டு உவமை அப்படியே பொருந்துகிறது. எவர்சில்வர் என்று நாம் சொல்வதும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத்தானே.

நடுவே நிக்கல் முலாம் பூசிய எஃகு. உலகத்தில் அதிகமாக விற்கும் பேஸ் கம்பி இதுதான். உள்ளே எஃகு, மேலே மெல்லிய நிக்கல் பூச்சு. ஸ்டெயின்லெஸ்ஸைவிட மென்மையாக ஒலிக்கும், விரலுக்கும் வழவழப்பு. மாட்டிய முதல் வாரம் கணீரென்று இருந்துவிட்டு, அப்புறம் தானாகவே அடங்கி இதத்துக்கு வரும்.

மறுபக்கத்தின் கடைசி முழு நிக்கல். மேலே சுற்றியிருக்கும் கம்பி முழுவதுமே நிக்கல். நிக்கலும் காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம்தான் என்றாலும், இரும்பின் அளவுக்கு இல்லை. கிட்டாரின் பிக்கப் என்பது காந்தமும் செப்புச் சுருளும். மேலே கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஆக, கம்பியின் உலோகம் மாறினால் பிக்கப் கேட்பதும் மாறும். முழு நிக்கல் கம்பியில் அந்தக் கூர்மை முதல் நாளிலிருந்தே குறைவு, நடுவிலுள்ள சுரங்கள் உருண்டு திரண்டு வரும். ரவுண்ட்வவுண்டில் இதம் தேடுகிறவருக்கு முதலில் நான் கைகாட்டுவது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. அட்டையில் ‘நிக்கல்’ என்று பெரிதாகப் போட்டிருந்தாலே முழு நிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது முலாம் பூசியதுதான். ‘ப்யூர் நிக்கல்’ என்று தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். ஃபெண்டர் 7150 வரிசை அப்படிப்பட்டது. டி’அடாரியோவின் ஈ.எக்ஸ்.எல். 165, 170, எர்னி பால் ஸ்லிங்கி போன்றவை முலாம் பூசிய வகை. என் கடைசி மூன்று செட்டில் இரண்டு முலாம் பூசியவைதான், குறையொன்றும் இல்லை. எது வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கருவும் கனமும்

கருவிலும் இரண்டு வகை உண்டு. பெரும்பாலான கம்பிகளில் கரு ஆறு பட்டையாக இருக்கும். சுற்றும் கம்பி அந்த முனைகளில் பற்றிக்கொள்ளும், உறுதியாக இருக்கும். சிலவற்றில் கரு உருண்டை. அது கொஞ்சம் இளக்கமாக வளையும், ஒலியும் ஒரு சுற்று மென்மையாக இருக்கும். டி.ஆர். நிறுவனத்தின் சன்பீம் அப்படி: உருண்டைக் கரு, நிக்கல் முலாம். ஆனால் உருண்டைக் கருவில் ஒரு ஆபத்து உண்டு. நீளத்தை வெட்டும் முன், வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் கம்பியைச் செங்கோணமாக மடக்கிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று கருவின் மேல் வழுக்கித் தளர்ந்துவிடும். அப்புறம் அந்தக் கம்பி எத்தனை புதிதாக இருந்தாலும் ‘தொப்’ என்றுதான் ஒலிக்கும். ஒரு புது ஈ கம்பியை நான் இப்படித்தான் ஐந்தே நிமிடத்தில் பாழாக்கினேன். அட்டையைப் படித்துப் பார்த்திருந்தால் தப்பியிருக்கும்.

தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள். 45–105 என்றால் ஜி கம்பி 0.045 அங்குலம், ஈ கம்பி 0.105 அங்குலம், அதாவது சுமார் 1.1 மில்லிமீட்டரிலிருந்து 2.7 மில்லிமீட்டர் வரை. புதிதாகத் தொடங்குகிறவர் இதிலேயே தொடங்கலாம். 40இல் தொடங்கும் மெல்லிய செட் விரலுக்கு எளிது, ஆனால் ஒலி கொஞ்சம் மெலிந்து கணீர்ப் பக்கம் சாயும். 50இல் தொடங்குவது தடித்த, கனத்த ஒலி தரும். விரல் பழகியிருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 16 முதல் 23 கிலோ எடைக்குச் சமமான விசையில் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். தடிமனை மாற்றினால் கழுத்தின் வளைவும் மாறும், கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்னும் இரும்புத் தண்டைக் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்ய வேண்டி வரும். தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

உப்பு

சென்னையில் இருப்பவர் இதே விஷயத்தை எழுதினால் மேலே சொன்னதோடு முடித்துவிடலாம். எங்களுக்கு அப்படி இல்லை. ராமேஸ்வரம் தீவில் எந்தப் பக்கம் நடந்தாலும் கடல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே கை பிசுபிசுக்கும். உலோகம் எப்படி அரிக்கிறது என்று ஆராய, காரைக்குடியிலுள்ள சிக்ரி என்னும் மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு சோதனை நிலையமே வைத்திருக்கிறது என்றால் எங்கள் காற்றைப் பற்றி வேறு என்ன சொல்ல? 1914இல் கட்டிய பாம்பன் ரயில் பாலம் நூறு வருடம் தாண்டி நின்று, கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைக் கான்கிரீட்டுக்குள் போட்டு, மேலே பாலிசிலோக்சேன் என்னும் தனிப்பூச்சு அடித்திருக்கிறார்கள். அத்தனை பெரிய இரும்புக்கே இந்தக் கவனம் தேவைப்படுகிறது. ஒரு மில்லிமீட்டர் கம்பி என்ன ஆகும்?

முலாம் பூசிய கம்பியில் நடப்பதைச் சொல்கிறேன். முலாம் முழுதாக இருக்கும்வரை அது எஃகைக் காப்பாற்றும். ஆனால் ஃபிரெட்டில் தேய்ந்து தேய்ந்து அங்கங்கே முலாம் விட்டுப்போகும். நிக்கலும் எஃகும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, நடுவே உப்பு ஈரம் வந்தால் ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடும். அதில் நிக்கல் தப்பிக்கும், எஃகு அரிபடும். அதனால்தான் புள்ளி புள்ளியாகத் துரு கிளம்புகிறது. முழு நிக்கல் கம்பியில் மேல்சுற்று சிவப்பாகத் துருவேறாது, மங்கிப்போகும், அவ்வளவுதான். ஆனால் அதற்குள்ளும் கரு எஃகுதான், சுற்றுகளின் இடுக்கு வழியே ஈரம் உள்ளே போகும். ஸ்டெயின்லெஸ்தான் இந்தக் காற்றில் நின்று பிடிக்கும். தம்பிக்கு யோசனை சொன்னவர் அந்த அளவில் சரியாகத்தான் சொன்னார். ஒலியைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

இனி அந்தப் பழைய கம்பியின் ‘மென்மை’யைப் பற்றி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ரவுண்ட்வவுண்ட் கம்பியின் சுற்றுகளுக்கு நடுவே விரலின் எண்ணெய், வியர்வை, செத்த தோல், உப்பு எல்லாம் போய் அடைத்துக்கொள்ளும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து அதிர்வை உறிஞ்சும். மேற்சுரங்கள் சாகும். காதுக்கு மென்மையாகத்தான் இருக்கும். ஆனால் அழுக்கும் துருவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் சேர்வதில்லை. கம்பியின் கனம் இடத்துக்கு இடம் மாறிப்போனால் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் சரியான மடங்கில் நிற்காது. சுருதி காட்டும் டியூனர் கருவியைப் பார்த்து ஈ கம்பியைச் சேர்த்தாலும் ஐந்தாவது ஃபிரெட்டில் சுருதி விலகும். கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். கருவாடு ஆவதும் மீன் கெட்டுப்போவதும் ஒன்றா? இரண்டுமே பச்சை மீன் இல்லைதான். உப்பு போட்டுப் பக்குவமாகக் காயவைத்தது ஒன்று, கவனிக்காமல் விட்டு நாறியது இன்னொன்று. இதமான கம்பியும் செத்த கம்பியும் அப்படித்தான். இதமான கம்பியில் அடிச்சுரம் நின்று நீளும், சுருதி விலகாது. செத்த கம்பி ‘தப்’ என்று விழுந்து அடங்கிவிடும்.

சோதிக்க எளிய வழி உண்டு. பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே விரலை அழுத்தாமல் லேசாக வைத்து மீட்டி, ஹார்மோனிக் என்னும் மேற்சுரத்தை எடுங்கள். அப்புறம் அதே ஃபிரெட்டை அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். கம்பி புதிதாக இருந்தபோது ஒத்துப்போன கிட்டாரில் இப்போது விலகினால், ஹார்மோனிக்கே தெளிவில்லாமல் அலை அலையாக அடித்தால், கம்பியின் காலம் முடிந்தது. தம்பியின் பழைய ஈ கம்பியை எடுத்து மாட்டி இதைச் செய்து காட்டினேன். ஹார்மோனிக் ‘வ்வ்வ்’ என்று ஆடியது. அழுத்தி வாசித்தால் சுருதி நன்றாகவே ஏறி விலகி நின்றது. கம்பியைக் கழற்றி வெள்ளைத் துணியில் ஒருமுறை இழுத்தேன், துணியில் செங்காவிக் கோடு விழுந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை, துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பழைய கம்பியை வெந்நீரில் கொதிக்கவைத்தால் உயிர் வரும் என்று சொல்வார்கள். அழுக்கு கரைந்து சில நாள் வரும், உண்மைதான். தேய்ந்த முலாமும் பிடித்த துருவும் அதனால் மாறாது. உப்பு கலந்த போர் தண்ணீரில் கொதிக்கவைத்தால் நிலைமை மோசமாகும். எங்கள் ஊரில் இதை நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் எதை வாங்குவது?

கோட்டிங் உள்ள கம்பி என்று ஒரு வகை இருக்கிறது. கம்பியின் மேல் மிக மெல்லிய பாலிமர் பூச்சு. அழுக்கும் ஈரமும் சுற்றுகளுக்குள் இறங்காது. எலிக்சரின் நானோவெப் இதில் பரவலாகத் தெரிந்தது, பேஸுக்கு நிக்கல் முலாம் பூசியதிலும் வருகிறது. விலை சாதாரண செட்டைப்போல இரு மடங்கு வரை போகும். ஆனால் எங்கள் காற்றில் சாதாரண செட் சீக்கிரமே செத்துவிடுவதால் கணக்குப் பார்த்தால் நட்டமில்லை. பூச்சினால் புதுக் கம்பியின் கூர்மை கொஞ்சம் மட்டுப்படும் என்று சிலர் குறை சொல்வதுண்டு. நமக்கு வேண்டியதே அதுதானே!

என் யோசனை இது. கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வீடு, கம்பி அடிக்கடி மாற்ற வசதியில்லை என்றால் கோட்டிங் போட்ட நிக்கல் முலாம், 45–105. ராமநாதபுரம் டவுன், பரமக்குடி என்று கொஞ்சம் உள்ளே இருப்பவர், கிட்டாரைப் பையில் மூடிவைத்துத் துடைத்துப் பாதுகாப்பவர் என்றால் முழு நிக்கலைத் துணிந்து வாங்கலாம், அதன் இதம் தனி. கீழக்கரையோ தொண்டியோ, பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் கிட்டார் திறந்தே சுவரில் தொங்கும் என்றால், முதலில் ஒரு பை வாங்குங்கள், கம்பியை அப்புறம் பார்க்கலாம்.

வாங்கும் முன் இன்னொன்று. கையில் இருக்கும் கம்பியிலேயே எவ்வளவு இதம் எடுக்க முடியும் என்று பார்த்துவிடுங்கள். டோன் குமிழை முழுக்கத் திறந்து வைத்திருப்பவர்கள்தான் அதிகம். அதைப் பாதிக்குக் குறைத்தாலே மேற்சுரங்கள் அடங்கும். கிட்டாரின் உடலில் கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மீட்டினால் கணீர், கழுத்துப் பக்கம் நகர்ந்து மீட்டினால் கும். நகத்தால் மீட்டாமல் விரலின் சதையால் மீட்டுங்கள். தம்பிக்கு முதலில் இதைத்தான் செய்யச் சொன்னேன். அந்த ஸ்டெயின்லெஸ் கம்பியே பாதி வழிக்கு வந்தது. மீதிப் பாதிக்குத்தான் புதுச் செட்.

மாட்டும்போது

கோட்டிங் செட் வந்ததும் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாட்டினோம். நான்கையும் ஒன்றாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினோம், கழுத்துக்கு திடீரென்று விசை விடாமல் இருக்க. ஈ கம்பியை, அது சுற்றிக்கொள்ளும் முறுக்காணியைத் தாண்டி நான்கு ஐந்து அங்குலம் அளந்து, மடக்கி, வெட்டி, நுனியை முறுக்காணியின் துளைக்குள் இறக்கி, சுற்றுகள் மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக விழுமாறு திருப்பினான். இரண்டு மூன்று சுற்று போதும். சுருதிக்கு வந்ததும் பிரிட்ஜில் கம்பி ஏறி இறங்கும் அந்த இடத்தில் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தச் சொன்னேன். கம்பி அந்த இடத்தில் வளைந்த வில்லாக நிற்காமல் முனையாகப் படிய வேண்டும். அழுத்துவதற்கு முன் வாசித்ததற்கும் பின் வாசித்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அவனே கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். சுரம் திடீரென்று தெளிந்து நின்றது. சின்ன வேலை, பலர் செய்வதில்லை.

முதல் இரண்டு மூன்று நாள் எந்தப் புதுக் கம்பியும் கொஞ்சம் துள்ளும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் வாசித்தபின் கேளுங்கள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. வாசிக்கும் முன் கை கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும், அடிப்பக்கமும் சேர்த்து, பிடித்து இழுத்துத் துடைத்துவிட்டுப் பைக்குள் வையுங்கள். பைக்குள் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள், செருப்பு டப்பாவிலும் எலக்ட்ரானிக்ஸ் அட்டைப்பெட்டியிலும் வருமே, அதுவே போதும். மாட்டிய தேதியைக் கம்பி வந்த உறையின் மேல் எழுதிவையுங்கள், உங்கள் வீட்டில் ஒரு செட் எத்தனை மாதம் வருகிறது என்று தெரிந்துகொள்ள. கழற்றிய ஸ்டெயின்லெஸ் செட்டைத் தம்பி தூக்கிப்போடப் பார்த்தான், விடவில்லை. துடைத்து, சுருட்டி, அதே உறையில் போட்டு ஒட்டிவைக்கச் சொன்னேன். திருவிழாவுக்கு முந்தின நாள் ஒரு கம்பி போனால் மதுரைக்கு ஓட நேரம் இருக்காது.